புஸ்வாணத்தின் மூன்றாவது குப்பி

என் இரண்டு கண்மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொன்னதில்லை.

எங்கள் ஏவுநிலையத்தில் ராக்கெட்டில் வைக்கும் பேரியம் குப்பிகளை அடைத்தவருக்குப் ‘புஸ்வாணம்’ என்று பெயர். முதல் இரண்டு குப்பிகளும் மேலே போய்த் திறக்காததால் ஒட்டிக்கொண்ட பெயர். மூன்றாவதை அடைத்ததும் வழக்கம்போல் மூடியில் இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு தட்டினார். அடுத்த வாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் குப்பியோடு ராக்கெட் ஏறிய அந்தி நேரத்தில் அவர் மனைவி என் அறைக்கு வந்து நின்றாள்.

“அண்ணே, இதாவது தொறந்துச்சான்னு தெரிஞ்சா போதும். சாவு வீட்டுலயே ஒருத்தன் புஸ்வாணம்னு சொல்லிட்டுப் போனான்.”

“உக்காரும்மா.”

குப்பி திறந்தால் வானத்தில் பச்சையும் ஊதாவுமாகப் புகை விரியும். அன்று பார்த்து மழைமேகம் மூடிவிட்டது. மிச்சம் இருந்தது என் காதுதான். நமக்கு அந்தி என்றாலும் அந்த உயரத்தில் இன்னும் வெயில். வெயில் பட்டுப் பேரியம் மின்னேறிய வாயுவாகும், அதில் அலைகள் எழும். ராக்கெட் அவற்றைப் பிடித்து அனுப்பும். அவை ஆன்டெனாவிலிருந்து கம்பி வழியாக என் ரேடியோப் பெட்டிக்கு வந்து சீழ்க்கையாகக் கேட்கும்.

வாசலில் குடையோடு வானத்தைப் பார்த்து நின்ற இயக்குநர் கத்தினார்: “என்னய்யா, உன் பெட்டி ஏதாவது பேசுதா? இல்ல, இதுவும் புஸ்ஸா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் கேட்டது, மெல்லிய சீழ்க்கை. ஏறிக்கொண்டே போனது. மூன்று வருடமாக நின்றிருந்த சுவர்க்கடிகாரம் அதிர்ந்து ஓடத் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது, ஐந்து நிமிடம் தாமதமாக. இயக்குநரின் பல்செட் அவர் வாய்க்குள்ளேயே தாளம் போட்டது. பிறகு சீழ்க்கை அடங்கி, டக், டக். கொஞ்சம் பொறுத்து, டக்.

அவள் எழுந்துவிட்டாள். “வீட்டுக் கதவை இப்படித்தாண்ணே தட்டுவாரு.”

“தொறந்துடுச்சும்மா.”

இயக்குநர் உள்ளே வந்தார். குடையை மடக்கினார்.

“அவரு பேரு என்னம்மா? அறிக்கையில போடணும்.”

அவள் இனிஷியலோடு, எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

அவளை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பினேன். காலையில் நான் துடைத்து ஆணியில் மாட்டிய ஆன்டெனாக் கம்பி, பெட்டியில் செருகப்படாமல் அந்த ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.