எண்ணும்போது பேசாதவள்

ஃபஹ்மிதாவின் முதுகில் ஒட்டியிருந்த பதினோரு சீட்டுகளில் மூன்றில் ‘திமிர்’ என்று எழுதியிருந்தது.

குடவாசல் விதை நிறுவனத்தில் அன்று ஆளுமைப் பயிற்சி. திருச்சியிலிருந்து வந்திருந்தவர், ஒருவர் குணத்தை மற்றவர் எழுதி முதுகில் ஒட்டச் சொன்னார். பெயர் போட வேண்டாம் என்றார். ‘வணக்கம் சொன்னாலும் வாய் திறக்காது’ என்ற சீட்டுக்குப் பெயர் தேவைப்படவில்லை. எல்சியின் கையெழுத்து. மூன்று வருடமாக ஒரே மேஜையில் வேலை பார்ப்பவள்.

ஃபஹ்மிதா உரித்தெடுத்த சீட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பரிசோதனை அறையில் இருவருக்கும் எண்ணுகிற வேலை. மணல் தட்டில் நூறு நெல் விதை போட்டு, பதினான்காம் நாள் முளைத்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ண வேண்டும். எண்பதுக்குக் குறைந்தால் அந்த விதை விற்பனைக்குப் போகாது. குடிதண்ணீர் கேனும் அதே அறையில்தான். வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வணக்கம் சொல்வார்கள். ஃபஹ்மிதாவின் வாயில் அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு ஓடிக்கொண்டிருக்கும். எல்சி ஊர்க்கதை பேசிக்கொண்டே எண்ணுவாள்.

மேனேஜர் ஜெக்கரியா எழுந்தார். கையில் நியமனக் கடிதம். ஃபஹ்மிதா மூன்று வருடமாகக் காத்திருந்த பதவி.

“லேப் இன்சார்ஜ் நம்ம எல்சிதான். நாலு பேரோட பழகத் தெரியணும்ல? ஃபஹ்மிதா, தப்பா எடுத்துக்காதீங்கம்மா.”

கை தட்டினார்கள். ஃபஹ்மிதா வெளியே போனாள்.

“பாத்தீங்களா, கோவத்த?” என்றது ஒரு குரல்.

ஒரு மணல் தட்டோடும் பதிவேட்டோடும் அவள் திரும்பி வந்தாள். காலையில் எல்சி தொண்ணூறு என்று எழுதிவைத்த தட்டு. ஒரு நாற்றுகூடப் பிடுங்கப்படவில்லை. சாயங்காலம் மேனேஜரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஃபஹ்மிதா இருந்தாள். இப்போது மேஜையில் மணல் சிதற, தட்டை ‘தொம்’மென்று வைத்தாள்.

“எண்ணுங்க சார்.”

“இப்பயா?”

“இப்பதான்.”

சிரித்துக்கொண்டே பிடுங்க ஆரம்பித்தவர் இருபதில் சிரிப்பை விட்டார். நாற்பதைத் தாண்டும்போது எல்சி, “சார், டீ ஆறுது” என்றாள். அவர் நிமிரவில்லை.

“சார்...”

“இரும்மா! எண்ணிக்கிட்டிருக்கேன்ல!”

“எல்சிக்குப் பதில் சொல்லுங்க சார்,” என்றாள் ஃபஹ்மிதா. “இல்லேன்னா உங்க முதுகுலயும் ஒட்டிடுவாங்க.”

அவர் எண்ணிக்கொண்டே போனார். எழுபத்திரண்டோடு முளை தீர்ந்தது.

“இதத் தனியா வந்து சொல்லக் கூடாதா?” என்றார் அவர். “இதத்தான் திமிருங்கிறாங்க.”

“இந்த விதை கீழ்வேளூருக்குப் போகுது சார். சம்பாவுக்கு.”

தொண்ணூறை அடித்து எழுபத்திரண்டு எழுதினாள். பேனாவை நீட்டினாள். அவர் கையெழுத்துப் போடும்வரை நகரவில்லை. நியமனக் கடிதம் கோப்புக்குள் திரும்பப் போனது. இனி அது யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

அறைக்கு வந்து எல்சியின் அடுத்த தட்டை இழுத்தாள். தண்ணீர் பிடிக்க வந்த கணக்கர் ஜாபிர், “என்னம்மா, இன்னும் கோவமா?” என்றார்.

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.