மூன்றாம் மாடிக் கயிற்று வெயில்

ஜூன் பதினேழாம் தேதி நண்பகலில், நேபிள்ஸ் நகரத்து மெழுகுவர்த்திச் சந்தில், மூன்றாம் மாடி அசுந்தாவின் துணிக்கயிற்றில் விழுந்துகொண்டிருந்த வெயிலை டென்மார்க்கிலிருந்து வந்த ஒருவன் முதுகுப்பையில் மடித்து வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். மொத்தமே ஐம்பது நிமிட வெயில்தான். இரு பக்கமும் ஆறு மாடி நிற்பதால், பதினொன்று நாற்பதுக்குச் சந்துக்குள் இறங்கிப் பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடும். நாலு எட்டு நடந்தால் கடற்கரை முழுக்கக் கேட்பாரற்றுக் கொட்டிக் கிடக்கிறது வெயில். அதை விட்டுவிட்டு இதை எடுத்தான் என்பதுதான் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் சந்தில் ஒரு வீட்டு ஜன்னலில் தொடங்கும் கயிறு எதிர்வீட்டு ஜன்னலில் முடியும். ஒருநாள் இந்த வீட்டு முறை, மறுநாள் அந்த வீட்டு முறை. யாருடைய துணி தொங்குகிறதோ அன்றைய வெயில் அவருடையது. இதில் பாதிரியார்கூடத் தலையிட முடியாது. அசுந்தா படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுத்துப் பிழைப்பவள். எதிர்வீட்டு கயெத்தானோ, ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், இரண்டே சட்டை வைத்திருந்தபடியால் தன் முறையையும் அவளுக்கே விட்டிருந்தார். ஆக அந்த ஐம்பது நிமிடம்தான் அவள் அடுப்பெரித்தது.

வந்தவன் பெயர் யெஸ்பர். குறைந்த செலவில் ஊர் சுற்றுவதை ஒரு விரதம்போலக் கடைப்பிடித்தான். ரயில் நிலையத்தில் உறக்கம், தெருக்குழாயில் தண்ணீர், பேக்கரி மூடும் நேரத்தில் காய்ந்த ரொட்டி. இப்படிச் சிக்கனம் பிடித்துப் பிடித்து உடம்பின் எடையெல்லாம் பைக்குப் போய்விட்டது. பையைக் கழற்றி வைத்தால் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பிவிடுவான். அன்று அப்படித்தான் எழும்பியபடி, துவைத்த சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கேட்டான்.

"அம்மா, இந்த ஒரு சட்டைய மட்டும் காயப்போட்டுக்கலாமா?"

"ஒரு சட்டை என்ன, கயிறே உன்னோடதுதான் கண்ணு, எடுத்துக்கோ!"

எங்கள் ஊரில் அப்படித்தான் பேசுவோம். கேட்டவர் ஐயோ வேண்டாம் என்று மூன்று முறை மறுக்க வேண்டும், நாம் வற்புறுத்த வேண்டும், கடைசியில் அவர் கொஞ்சமாக எடுத்துக்கொள்ள வேண்டும். யெஸ்பருக்குத் தெரிந்த இருபது சொற்களில் நன்றி இருந்தது, வேண்டாம் இல்லை. முதல் தடவையிலேயே நன்றி சொல்லிவிட்டான்.

எதிர் ஜன்னலில் கயெத்தானோ தலையில் கை வைத்தார். "போச்சு அசுந்தா. குடுத்துட்ட. சாட்சிக்கு நான் வேற நிக்கிறேன்."

சட்டை காய்ந்தது. வெயிலோடு சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினான்.

மறுநாள் முதல் இரண்டாம் மாடிக் கயிற்றிலும் நான்காம் மாடிக் கயிற்றிலும் துணி பளபளவென்று காய்ந்தது. நடுவில் இவள் கயிற்றில் மட்டும் அந்திக் கருக்கல். ஜூலை மாதத்தில் விரிப்புகளில் பூசணம் பூத்தது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். "வெயில் காணாமப் போனா இங்க எழுத முடியாதும்மா, குடை தொலைஞ்சா வாங்க," என்றார் எழுத்தர். திரும்பி வந்து சந்தே அதிரக் கத்தினாள். "காசில்லாம ஊர் சுத்துறது அவன் இஷ்டம். என் பிழைப்புல ஏறி ஏண்டா சுத்துறான்?" இந்தக் கயிறு இலவசம் என்று யெஸ்பர் இணையத்தில் எழுதி வைத்ததைப் படித்துவிட்டு மேலும் பதினான்கு பேர் ஈரச்சட்டையோடு வந்து நின்றபோது, ஒரு வாளி சோப்புத் தண்ணீரை அவர்கள் தலையில் கொட்டினாள். அவர்கள் அதை இலவசக் குளியல் என்று எழுதி வைத்தார்கள்.

பிப்ரவரியில் யெஸ்பர் திரும்பி வந்தான். பையிலிருந்த வெயில் உடம்பில் ஊறி, அந்தக் குளிரில் அவனைப் பார்க்கக் கண் கூசியது. பையில் சோப்பு வாசனை போகவே இல்லை, வேறொருவர் பொருள் என்று அப்போதுதான் புரிந்தது என்றான். அசுந்தா தோளுக்கு மூன்று கிளிப்பாகப் போட்டு அவனைக் கயிற்றில் மாட்டினாள். கயிறு தொய்யவே இல்லை. தினம் ஐம்பது நிமிடம் தொங்கினான். பக்கத்தில் விரிப்புகள் காய்ந்தன. பதினோராம் நாள் அவன் வெளுத்துப் போனான், பன்னிரண்டாம் நாள் வெயில் தானே இறங்கியது. டிராம் ஓட்டிய காலத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கயெத்தானோ, "பதினொண்ணு நாப்பத்தாறு. ஆறு நிமிஷம் குறையுது," என்றார்.

"எங்கடா ஆறு நிமிஷம்?" என்றாள் அசுந்தா.

யெஸ்பர் கயிற்றிலிருந்தபடியே சொன்னான். "எங்கம்மாவுக்குக் குடுத்துட்டேன். ஆஸ்பத்திரி ஜன்னல் வடக்குப் பக்கம். அவங்களுக்குக் கடைசி வாரம், வெயில் பாக்கணும்னாங்க."

அசுந்தா வாயிலிருந்த கிளிப்பைக் கையில் எடுத்தாள். பிறகுதான் அவளுக்கு உண்மையான கோபம் வந்தது. "கேட்டிருந்தா பத்து நிமிஷமாக் குடுத்திருப்பேனே, கழுதை! ஒரு வார்த்தை கேட்டியா? இறங்கு. இறங்கிச் சாப்பிடு."

இரண்டு தட்டு பாஸ்தா சாப்பிட்டுக் கால் தரையில் படக் கிளம்பிப் போனான்.

ஒன்பது வருடமாக அந்தக் கயிற்றில் நாற்பத்து நான்கு நிமிட வெயில்தான். வாடிக்கைக்காரர்களில் முக்கால்வாசிப்பேர் திரும்பி வந்துவிட்டார்கள். தினமும் பதினொன்று நாற்பதுக்கு அசுந்தா ஜன்னலைத் திறந்து, வடக்கே பார்த்து, அவனையும் அவனைப்போல் கேட்காமல் எடுக்கிற எல்லோரையும் ஆறு நிமிடம் திட்டுவாள். மற்ற வீடுகளில் அப்போதுதான் பாஸ்தாவுக்கு உலை வைப்பார்கள். சென்ற கோடையில் அவள் சலேர்னோவிலிருக்கும் தங்கையைப் பார்க்கப் போனாள். விரிப்புகளைக் கயெத்தானோ பொறுப்பில் விட்டிருந்தாள். முதல் நாள் அவர் சும்மா காத்து நின்றார், வெயில் வரவில்லை. இரண்டாம் நாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவரே திட்டினார். பதினொன்று நாற்பத்தாறுக்கு வந்தது.