மேலே ஓடிய கால்கள்

"உன் குரல்தான் மூணு மாடிக்கும் கேக்கும்" என்று சொல்லித்தான் தீ ஒத்திகைப் பொறுப்பை மேனேஜர் அவள் தலையில் கட்டினார். அந்தத் தையல் ஆலையில், முதல் மாடியில் துணி மடிக்கும் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். அன்று சிரித்துவிட்டு வந்தாள். சிவப்பு மேல்சட்டையும் விசிலும் கைக்கு வந்த பிறகுதான் இது விளையாட்டில்லை என்று புரிந்தது.

அதுவரை கண்ணில் படாததெல்லாம் படத் தொடங்கியது. மெஷின்களுக்கு அடியில் பஞ்சு பஞ்சாய் நூல் கழிவு, தோல் உரிந்த அயர்ன் பாக்ஸ் ஒயர், பின்படிக்கட்டை அடைத்துக்கொண்டு துணி மூட்டைகள். ஸ்டோர்காரரோடு மல்லுக்கட்டி மூட்டைகளை அகற்ற வைத்தாள். வீட்டிலும் அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து பார்த்தாள். "தூக்கத்துல விசில் மட்டும் ஊதிடாத தாயே" என்றான் கணவன்.

முதல் ஒத்திகையை முன்கூட்டியே அறிவித்துத்தான் நடத்தினார்கள். எல்லோரும் கடைவீதிக்குப் போவதுபோல் கதை பேசிக்கொண்டு இறங்கினார்கள். மேனேஜருக்கு ஏகத் திருப்தி. பயிற்சி தர வந்திருந்த தீயணைப்பு அதிகாரிதான் உதட்டைப் பிதுக்கினார்.

"நெருப்பு சொல்லிட்டா வரும்? ஒரு தடவை சொல்லாம மணி அடிச்சுப் பாருங்கம்மா."

அடுத்த முறை மேனேஜரையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டாம் மாடியில் தைக்கும் நாத்தனாரிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. அவளுடைய மகளும் நாத்தனாரின் கைக்குழந்தையும் மூன்றாம் மாடியில், ஆயாவின் பொறுப்பில் இருந்தார்கள். காற்றோட்டம் என்று, வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையை உச்சியில் வைத்திருந்தார்கள்.

மணி அடித்தது. மெஷின்கள் நின்றன. யாரோ "நெஜமாவே நெருப்பு!" என்று கத்தினார்கள். முதல் மாடித் திருப்பத்தில் நின்று, "கீழே! எல்லாரும் கீழே!" என்று விசில் ஊதினாள்.

கொஞ்சப் பேர் இறங்கினார்கள். பிறகு வரத்து நின்றுபோனது. அவளுடைய பிரிவுப் பெண்களே அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார்கள். பிள்ளை வைத்திருந்தவள் ஒருத்திகூட இறங்கவில்லை. மேலிருந்து இறங்குகிறவர்களும் கீழிருந்து ஏறுகிறவர்களும் மோதி, படிக்கட்டில் எள் போட்டால் எள் விழாத நெரிசல்.

அது பொய் மணி என்று அந்தப் படிக்கட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அப்படியும் அவள் கால்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. முன்னால் நின்றவளை முழங்கையால் விலக்கியபோதுதான் அது அவளுக்கே உறைத்தது. அதற்குள் மேலே ஓர் அலறல். குரல் நாத்தனாருடையது.

"ஒத்திகைதான்! நெருப்பு இல்ல! நில்லுங்க!" என்று அவள் விசிலை விட்டுக் கத்தினாள்.

கூட்டம் விலகியபோது நாத்தனார் சுவரோரம் கிடந்தாள். மணிக்கட்டு முறிந்து தொங்கியது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு முடிந்ததும் நாத்தனார் கேட்டாள்.

"அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ பேசாம இறங்கியிருப்ப. நெஜமா நடக்கும்போது நீ மேல ஓடுவேன்னு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்."

நாத்தனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மேனேஜர், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். "மேல போகக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிடலாம்."

"ஒட்டலாம் சார். பெத்தவ நின்னு படிக்க மாட்டா."

"நீ எல்லாருக்கும் படிச்சுப் படிச்சு சொன்னியே?"

"சொன்ன நானே ஏறினேன் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "இப்ப என்ன பண்ணணுங்கற?"

"பிள்ளைங்கள கீழ கொண்டு வாங்க. கீழ இருக்கற சாம்பிள் ரூமை மேல ஏத்துங்க."

"துணி வாங்க வர்றவங்க மாடி ஏறணுமா?"

"அவங்களுக்கு நடக்கற கால் இருக்கு சார். தொட்டில்ல கிடக்கறதுக்கு இல்ல."

அவர் பிடிகொடுக்கவில்லை. ஆனால் மாலையில் அவளையும் கூட்டிக்கொண்டு மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்கு ஏறினார். பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தீப்பிடிச்சா எப்படி இறக்குவே?" என்று ஆயாவிடம் கேட்டார்.

"ரெண்டு கை இருக்கு சார். ரெண்டு பேரத் தூக்குவேன்."

"மத்ததுங்க?"

ஆயா, தூக்கத்தில் புரண்ட பிள்ளை ஒன்றைத் தட்டிக்கொடுத்தாள். மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி இறங்கிப்போனார்.

அந்த வாரமே சாம்பிள் அறை மேலே போனது, பிள்ளைகள் கீழே வந்தார்கள். தரைத்தளத்தில் சுவரை இடித்து, முற்றத்துக்கு நேராக ஒரு கதவு வைத்தார்கள்.

மூன்றாவது மணியையும் அவள் யாருக்கும் சொல்லவில்லை. கடைசி ஆளாக உச்சி மாடியில் நின்று, கழிப்பறைகளைத் தட்டிப் பார்த்தாள். கீழே காலடிச் சத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. யாராவது ஏறி வருகிறார்களா என்று காதைத் தீட்டினாள். மகளை எட்டிப் பார்க்க ஜன்னல் பக்கம் திரும்பியவள், மனதைக் கல்லாக்கிக்கொண்டு படி இறங்கினாள். எதிரே ஒரு ஆள்கூட ஏறி வரவில்லை.

முற்றத்தில் பெரிய பிள்ளைகள் நீளக் கயிறு ஒன்றைப் பிடித்தபடி ஆயாவின் பின்னால் நின்றிருந்தார்கள். கைக்குழந்தைகள் சக்கரத் தொட்டிலில் இருந்தன. மகள் கயிற்றை விடாமல் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அவள் தலைகளை எண்ணினாள். நடுவில் கணக்குத் தப்பி, மறுபடி எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள்.

மாவுக்கட்டுக் கையோடு இலேசான வேலைக்குத் திரும்பியிருந்த நாத்தனார், மறுபக்க இடுப்பில் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அருகே வந்தாள்.

"அடுத்தது எப்பன்னாவது சொல்லுவீங்களா அண்ணி?"

"மாட்டேன்."

நாத்தனார் அவளை ஒரு முறை முறைத்தாள். பிறகு, "இந்தாங்க, இவனைப் பிடிங்க. கை கடுக்குது" என்று குழந்தையை நீட்டினாள்.