முன் அனுபவம்: இல்லை

1

இந்தக் கதை ஒரு சத்தியக் கடதாசியிலிருந்து பிறந்தது. சட்டத்தரணி ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்தது நான்கு பக்கம். அவர் சிவப்புப் பேனையால் வெட்டி ஒன்றரைப் பக்கமாக்கினார். 'நன்றாக இருக்கிறது, ஆனால் தேவையில்லை' என்று ஓரத்தில் குறித்திருந்தார். அந்தத் தேவையில்லாத இரண்டரைப் பக்கம்தான் நீங்கள் இப்போது வாசிப்பது.

முதல் வரைவில் 'குற்றவுணர்வு என்னைத் தூங்கவிடவில்லை' என்றொரு வரி இருந்தது. நான் நன்றாகவே தூங்கினேன். வரியை எடுத்துவிட்டேன்.

என் பெயர் சத்தியபாமா. மெல்பேர்னின் கிளேட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் வேலை. தொண்ணூற்றேழில் கணவரின் விசாவில், விமானத்தில் வந்தவள். சில ஞாயிறுகளில் படகில் வந்த பிள்ளைகளுக்காகச் சம்பளமில்லாமல் மொழிபெயர்ப்பேன். பதினேழு சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். அவற்றால் யாருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை.

2

தொடக்கங்கள்:

'யூக்கலிப்டஸ் வாசம் கலந்த ஒக்டோபர்க் காற்றில் —' (இல்லை. அவுஸ்திரேலியா என்றாலே இந்த வாசத்தைப் போட்டுத் தாளிப்பது போதும்.)

'ஜெயதீபன் துவக்கைத் தூக்கியபோது எல்லோரும் —' (இப்படித் தொடங்கினால் நீங்கள் அவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். கதையே அதுதான். அவசரப்படக் கூடாது.)

'ஜெயதீபன் என்பது அவனுடைய பெயரல்ல.' (இது உண்மை. வைத்துக்கொள்கிறேன்.)

3

2012 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு. மெல்பேர்னுக்குக் கிழக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஒரு காட்டோரம். உள்ளூர் வேட்டைக்காரர் சங்கமொன்று, துவக்கையோ காட்டையோ அறியாதவர்களுக்காக ஒருநாள் பழக்குநிகழ்ச்சி வைத்திருந்தது. நெருப்பு மூட்டுவது, திசைகாட்டி பார்ப்பது, மிருகத்தின் தடம் பிடிப்பது, முயலின் தோலை உரிப்பது, கடைசியாகத் தடித்த அட்டையில் வரைந்த வட்டத்தைச் சுடுவது. நகரசபையில் யாரோ ஒரு நல்ல மனிதருக்கு, புதிதாக வந்த அகதிகளையும் அழைக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. ஒரு பேருந்தில் பதினொரு தமிழ்ப் பெடியள், மொழிபெயர்க்க நான்.

ஜெயதீபன் என் பக்கத்து ஆசனம். வயது இருபத்தொன்பது. ஊர் வன்னியில் ஒட்டுசுட்டான். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் படகில் வந்து, சில மாதங்கள் தடுப்பு முகாமில் இருந்து, முடிவு வரும்வரை தங்கவிடும் பிரிட்ஜிங் விசாவில் வெளியே வந்திருந்தான். காளான் பண்ணையில் வேலை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை.

"ஏன் தம்பி வந்தனீர்? மற்றவை எல்லாம் பாபகியூவுக்கு வருகினம்."

"காடு எண்டு சொன்னீங்கள் அக்கா. அதான் வந்தனான்."

வாசலில் ஒரு மேசை, ஒரு படிவம். பெயர், முகவரி, குற்றப்பதிவு உண்டா. கடைசிக் கேள்வி: இதற்கு முன் துப்பாக்கி பிடித்த அனுபவம் உண்டா? ஆம் எனில் எங்கே, என்ன வகை? தொடக்கநிலையாளரைப் பிரித்துக் குழுவாக்குவதற்காகக் கேட்டது. வேறொன்றுமில்லை.

"துவக்குப் பிடிச்சிருக்கிறீரோ எண்டு கேட்டிருக்கு."

"ஓம் அக்கா. அப்பாவின்ரை இடியன். வயலுக்குள்ளை பன்றி வந்தால் வெடி வைக்கிறது. நானும் மூண்டு நாலு தரம் வைச்சிருக்கிறன்."

(இடியன் என்பது குழல் வாயால் மருந்தைப் போட்டு இடித்து நிரப்பும் நாட்டுத் துவக்கு. வன்னி வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

நான் அவனைப் பார்த்தேன். கழுத்தோரம் ஒரு தழும்பு. வன்னியிலிருந்து வந்தவன், இந்த வயது, இந்தத் தழும்பு. அப்பா, வயல், பன்றி — இது சண்டையில் துவக்குத் தூக்கியதை மறைக்க அவன் தயார்பண்ணி வைத்திருக்கும் கதை என்று நினைத்தேன். கதை எழுதுகிறவளுக்குக் கதையைத் தெரியாதா? சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன், ஆனாலும் காப்பாற்றப்போகிறேன்.

"இல்லை எண்டு போடுவம்," என்றேன்.

"ஏன் அக்கா? நான் அங்கையும் இதைத்தானே சொன்னனான்."

"இது சும்மா ஒரு ஃபோம். இல்லை எண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேளாயினம். சைன் வையும்."

'அங்கை' என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. 'முன் அனுபவம்: இல்லை' என்று என் கையெழுத்தில் எழுதினேன். அவன் தன் கையொப்பத்தை வைத்தான்.

4

அன்றைய நாளை எழுதுவது எனக்கு விருப்பம். சட்டத்தரணி முழுதாக வெட்டிய பகுதி இது.

பயிற்றுநர் கொலின். அறுபது தாண்டியவர், பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். எங்களை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய், "இங்கே ஒரு மிருகம் வந்துபோயிருக்கிறது, யார் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டார். பெடியள் சேற்றைப் பார்த்தார்கள். ஜெயதீபன் சேற்றைப் பார்க்கவில்லை. இருபதடி தள்ளிப்போய்ப் புற்கள் நசுங்கிக் கிடந்த இடத்தில் குந்தி, உள்ளங்கையை வைத்தான்.

"மரை, அக்கா. விடியத் தொடக்கம் இஞ்சைதான் படுத்திருக்குது. நாங்கள் வந்த சத்தத்துக்கு எழும்பிப் போயிருக்கு."

நான் மொழிபெயர்த்தேன். கொலின் தொப்பியைக் கழற்றிவிட்டார். அது சாம்பர் மான்தான், எங்கள் மரை. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டவற்றின் வம்சமாம், கொலின் சொன்னார். இப்படியொரு தகவல் கையில் கிடைத்தால் நல்ல எழுத்தாளர் வெட்டிவிடுவார். எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. ஒருவர் கையைக் காட்டுவார், மற்றவன் தலையாட்டுவான். முயலை உரித்தபோது கொலின் தன் கத்தியை அவனிடமே கொடுத்தார். தடுப்பிலிருந்து வந்தபின் அவன் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். (பார்த்ததே மூன்று தடவை. இருந்தாலும்.)

கடைசியில் இலக்குச் சுடுவது. ஜெயதீபன் துவக்கை வாங்கி, நெடுநேரம் சுடாமலே படுத்திருந்தான். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு ஐந்து வெடி. ஐந்து ஓட்டைகளையும் ஒரு ஐம்பது சதக் காசால் மூடலாம்.

"ஏன் இவ்வளவு நேரம் பாத்தனீர்?" என்று கேட்டேன்.

"இடியனிலை ஒரு வெடிதான் அக்கா. பிழைச்சால் பன்றி எங்களிட்டை வந்திடும்."

இதைக் கேட்டும் நான் நம்பவில்லை. என்ன நுணுக்கமான விபரம், நன்றாகத்தான் தயார்பண்ணியிருக்கிறான் என்று நினைத்தேன்.

5

கொலின் எனக்குப் பிரச்சினையான பாத்திரம். இப்படிப்பட்ட கதையில் வரும் வெள்ளைக்காரர் கெட்டவராக இருக்கவேண்டும், அல்லது முட்டாளாக. இரண்டாம் வரைவில் அவர் வாயில் ஒரு கேவலமான பகிடியை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் நல்லவர். எல்லாம் கெட்டதே அதனால்தான்.

இரண்டு மாதம் கழித்து அவர் ஜெயதீபனுக்காக ஓர் ஆதரவுக் கடிதம் எழுதினார். விண்ணப்பத்தோடு இணைக்க எத்தனையோ பேரிடம் இப்படிக் கடிதம் கேட்டு அலைகிறார்கள். இவர் கேளாமலே எழுதினார். நான் அதை அவனுக்கு வாசித்துக்காட்டினேன். டண்டினோங்கில் அவன் இருந்த வீட்டின் குசினி. அவன் தேத்தண்ணி ஊற்றினான்.

கடிதத்தில் இப்படி இருந்தது: பொறுமைசாலி. மிருகத்தை மதிப்பவர். எங்கள் சங்கத்தில் தொண்டராகச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம். 'வாழ்க்கையில் ஒருபோதும் துப்பாக்கியைத் தொட்டிராத இவர், முப்பது வருடப் பயிற்சியில் நான் காணாத திறமையை முதல் நாளே காட்டினார்.' சான்றுக்குப் படிவத்தின் பிரதியும் இணைத்திருந்தார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவில்லை.

(ஏன்? சொன்னால் அவன் கேட்பான். கேட்டால் அந்தப் படிவத்தைப் பற்றி, அவனைப் பற்றி நான் நினைத்ததைப் பற்றிப் பேசவேண்டி வரும். தேத்தண்ணி நன்றாக இருந்தது. அவன் —)

"நல்ல கடிதமோ அக்கா?"

"திறமான கடிதம். குடும் தம்பி, ஃபைலோடை சேரட்டும்."

6

அகதி விண்ணப்பத்தை விசாரித்த நேர்காணல் அதிகாரி கவனமாக வாசிப்பவர். என் பதினேழு கதைகளுக்கும் அப்படியொரு வாசகர் கிடைத்ததில்லை. ஜெயதீபன் படகிலிருந்து இறங்கிய கிழமையே கொடுத்த முதல் வாக்குமூலத்தில், தகப்பனின் இடியனால் பன்றி சுட்டதைச் சொல்லியிருந்தான். 'அங்கை' என்றது அதைத்தான். இப்போது அவன் கையொப்பமிட்ட படிவம் இல்லை என்கிறது. கூடவே, முதல் நாளே தேர்ந்தவனைப் போலச் சுட்டான் என்று ஒரு கடிதம்.

எது பொய்? யார் பழக்கினார்கள்? வேறு எதையெல்லாம் மறைத்தாய்?

படிவத்தை நிரப்பியது யார் என்றும் கேட்டிருக்கிறார்கள். "ஒரு அக்கா. பேர் ஞாபகமில்லை," என்றிருக்கிறான். எனக்குக் கரைச்சல் வந்துவிடும் என்று. அதையும் ஒரு மழுப்பலாகக் குறித்துக்கொண்டார்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிரிட்ஜிங் விசா முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. காளான் பண்ணைச் சீருடையோடேயே கூட்டிப்போனார்கள். முதலில் மெல்பேர்னில் வைத்திருந்து, பிறகு சிட்னிக்கு, வில்லாவுட் தடுப்பு முகாமுக்கு.

அப்போதுதான் சட்டத்தரணி என்னைத் தேடிப்பிடித்தார். அப்போதுதான் அந்தச் சத்தியக் கடதாசி. 'பொய்யான பதிலை எழுதியவள் நானே, அவர் உண்மையைத்தான் சொன்னார்.' பதில் மூன்று மாதத்தில் வந்தது. நான் விண்ணப்பதாரருக்கு வேண்டியவள். பொய் எழுதியதாக என் வாயாலேயே ஒப்புக்கொண்டவள். ஆகவே என் சாட்சியத்துக்குக் குறைந்த நிறையே கொடுக்கமுடியும் என்றிருந்தது. நியாயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

7

2013 ஒக்டோபரில் அவனைப் பார்க்கப் போனேன். கொலினும் வந்தார். மெல்பேர்னிலிருந்து ஒன்பது மணி நேரம் தன் பழைய வாகனத்தை ஓட்டி வந்திருந்தார். நான் விமானத்தில்.

பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் கதிரைகள். ஜெயதீபன் மெலியவில்லை, ஊதியிருந்தான். கொலின் தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவரிடம் கேளுங்கள். நீ துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்று நான் எழுதினேனே, பிழை என்றால் அப்போதே ஏன் சொல்லவில்லை? நான் திருத்தியிருப்பேனே," என்றார்.

இதை நான் எப்படி வேண்டுமானாலும் மொழிபெயர்த்திருக்கலாம். கொலினுக்குத் தமிழ் தெரியாது. ஒரு விநாடி, ஏன் மறைக்கவேண்டும், ஒரு நல்ல வாக்கியம்கூடத் தயாராக இருந்தது.

நான் உள்ளபடியே சொன்னேன்.

ஜெயதீபன் உடனே விளங்கிக்கொள்ளவில்லை. "எதிலை எழுதினவர்?"

"அந்தக் கடிதத்திலை."

"நீங்கள் வாசிச்ச கடிதத்திலையோ?"

"ஓம்."

"எனக்கு அதை வாசிக்கேல்லை."

"வாசிக்கேல்லை."

பக்கத்து மேசையில் ஒரு குழந்தை சிப்ஸ் பைக்கற்றை உடைக்கத் தெரியாமல் அழுதது. கொலின் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்டைக்கு ஃபோமிலை ஏன் அக்கா இல்லை எண்டு போட்டனீங்கள்?"

"உம்மை... உமக்கு ஒரு பிரச்சினையும் வரக்கூடாது எண்டுதான்."

"இல்லை அக்கா. நான் இயக்கத்திலை இருந்தனான் எண்டு நினைச்சனீங்கள். அப்பா பன்றி சுட்டதை நீங்களும் நம்பேல்லை."

நான் கொலினின் தொப்பியைப் பார்த்தேன்.

"அவங்களாவது கேட்டுப்போட்டு நம்பேல்லை. நீங்கள் கேக்கவும் இல்லை." சத்தம் உயரவில்லை. பிறகு கொலின் பக்கம் திரும்பினான். "கொலினுக்குச் சொல்லுங்கோ, அவரின்ரை கடிதத்திலை ஒரு பிழையும் இல்லை எண்டு. நான்தான் மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டனான் எண்டு சொல்லுங்கோ."

"அது பொய்யெல்லோ தம்பி."

"பரவாயில்லை. இதை மட்டும் முழுசாச் சொல்லுங்கோ."

சொன்னேன். கொலின் அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த மாதம் மறுபடியும் போனேன். வரவேற்பிலிருந்த பெண் கணினியைப் பார்த்தாள். அவர் தன்னைச் சந்திக்கக்கூடியவர்களின் பட்டியலை மாற்றியிருக்கிறார், அதில் உங்கள் பெயர் இல்லை என்றாள். வேறு எழுத்துக்கூட்டலில் தேடிப்பார்க்கச் சொன்னேன். தேடிப்பார்த்தாள். பாவம், பொறுமையான பெண். வென்ட்வேர்த்வில்லுக்குப் போய், ரயில் நிலையத்தடித் தமிழ்க் கடையில் இரண்டு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறினேன். நல்ல உறைப்பு.

8

முடிவுகள்:

அ. மேன்முறையீட்டில் யாரோ ஒருவர் முதல் வாக்குமூலத்தைப் பொறுமையாக வாசிக்கிறார். நம்புகிறார். ஜெயதீபன் வெளியே வருகிறான். (இதை எழுதி முடித்தேன். என்னை நானே மன்னிப்பதற்காக எழுதியது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது.)

ஆ. அவன் களைத்துப்போய், திரும்பிப் போகச் சம்மதித்துக் கையொப்பமிடுகிறான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போது இரண்டு பேர் —

இ. எதுவும் நடக்கவில்லை. கதிரை, தொலைக்காட்சி, கதிரை.

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. சட்டத்தரணி சொல்லமாட்டார், சொல்லக்கூடாது. கொலினைக் கேட்டேன். மன்னிக்கவேண்டும், உங்களிடம் எதுவும் சொல்லவேண்டாமென்று கேட்டிருக்கிறான் என்றார். குரல் இதமாகத்தான் இருந்தது.

நானாக ஒன்றைத் தெரிவுசெய்தால், அவனைக் கேளாமல் அவனுக்காக நான் எழுதும் இன்னொரு பதிலாகிவிடும் அது. அதனால் இங்கே நிறுத்துகிறேன். நீங்கள் விரும்பினால் ஒரு முடிவை நினைத்துக்கொள்ளுங்கள். நல்லதாகவே நினையுங்கள். ஆனால் எங்கேயும் எழுதிவைக்காதீர்கள். கவனமாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.