தொட்டிக்கு வந்த குளத்துத் தண்ணீர்

"தீனி கெட்டுப்போச்சு, அதான் மீன் செத்துச்சுன்னு நான் வாய் தவறி…"

"வாய் தவறியா? போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் தவறுமா வாய்?"

"உனக்கு ஏன் இப்படி ரோஷம் பொத்துக்கிட்டு வருதுன்னு…"

"செத்தது என் மீனு அத்தான்! பொத்துக்கிட்டுத்தான் வரும்!"

பூச்சிமருந்துக் கடைக்குள் இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. கல்லாவுக்கு அந்தப் பக்கம் கடைக்காரர். இந்தப் பக்கம் அவருடைய மச்சினி, மீன்குஞ்சு வளர்த்து விற்கிறவள். கையில் ஒரு பிளாஸ்டிக் கேன். மருந்து வாங்க வந்த இரண்டு விவசாயிகள் வந்த வேலையை மறந்து நின்றார்கள். மூலையில் பாட்டிலுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. புருஷனா, கூடப் பிறந்தவளா என்று வந்தால் சீட்டு ஒட்டுவதுதான் அவளுக்குத் தெரிந்த வழி.

வாய்க்கால் தண்ணீரைக் குளத்துக்கு விடுமுன் மீன் வளர்ப்பவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். வலைக்கூண்டில் நாலைந்து குஞ்சுகளைப் போட்டு வாய்க்காலில் இறக்கி, தண்ணீரில் மருந்து கலந்திருக்கிறதா என்று ஒரு ராத்திரி விட்டுப் பார்ப்பார்கள். காலையில் குஞ்சு துள்ளினால்தான் மதகைத் திறப்பது. போன வாரம் அவள் கூண்டை இறக்கவில்லை. அத்தான் போனில், "மேல யாரும் மருந்தே அடிக்கல, தைரியமா திற" என்றுவிட்டார். அக்கா புருஷன் வாக்காயிற்றே என்று திறந்தாள்.

அந்த நேரம் வாய்க்காலின் மேல்பக்கத்தில் அவருடைய ஆட்கள்தான் அவர் தோட்டத்துக்கு மருந்தடித்த பீப்பாய்களை வாய்க்காலில் அலசிக்கொண்டிருந்தார்கள். இனி அங்கே அலசுவதில்லை என்று அவளிடம் சத்தியம் செய்தவர் அவர். 'இன்னைக்குத் திறக்காதே' என்று சொல்லியிருந்தால் குட்டு உடைந்திருக்கும்.

மத்தியானத்துக்குள் தாய்மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. தீனியைத் தொடவில்லை. குடிகாரர்கள்போல் ஒருபக்கம் சாய்ந்து சுற்றிச் சுற்றிக் கரையில் முட்டின. ஒன்றைத் தூக்கிச் செவுளை விலக்கினாள். சிவப்பெல்லாம் போய் வெளுத்து, கோழை அப்பிக் கிடந்தது. வயிறு நிறைய முட்டையோடு அது அவள் உள்ளங்கையிலேயே வெட்டி வெட்டி இழுத்து, வில்லாக வளைந்து விறைத்தது.

அன்றைக்கே குளத்திலிருந்து ஒரு கேன் தண்ணீர் மொண்டு மூடி வைத்தாள். இன்றைக்கு அவளிடம் குஞ்சு வாங்க ஆளில்லை. 'தீனி போடத் தெரியாதவ' என்று பேராகிவிட்டது. அந்தப் பேரை ஒட்டியவர் வாயாலேயே கிழிக்க வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தாள்.

"கேன்ல என்ன?" என்றார் கடைக்காரர்.

"நல்ல தண்ணி அத்தான், என் குளத்துது. உங்க தொட்டிக்கு மாத்தி விடலாம்னு கொண்டாந்தேன்."

கல்லாவை ஒட்டிக் கண்ணாடித் தொட்டி, உள்ளே தங்கமீன்கள். பெற்ற மகளை 'ஏய்' என்று கூப்பிடும் மனுஷர், இதுகளை 'ராஜாத்தி' என்பார். அவள் தொட்டி மூடியைத் தள்ளிக் கேனைத் தூக்கினாள்.

"ஏய், ஏய்! விளையாடாத!"

"ஏன் பதறுறீங்க? மீனு தீனியாலதானே சாகும்? தண்ணி என்ன பண்ணும்?"

"சின்ன உசுரு, தாங்காது…"

"எது தாங்காது? சொல்லுங்க. இவங்களும் கேக்கட்டும்."

"கடைக்காரரே, தண்ணியில அப்படி என்ன இருக்கு?" என்றார் விவசாயிகளில் ஒருவர், உண்மையாகவே தெரியாமல்.

கேன் சாய்ந்தது. விளிம்பில் தண்ணீர் தளும்பியது.

"நான்தான்!" கடைக்காரர் குரல் உடைந்தது. "பீப்பாயை நான்தான் அங்க அலசச் சொன்னேன். உன்கிட்ட பொய் சொன்னேன். உன் தீனியில ஒரு குத்தமும் இல்ல. போதுமா?"

விவசாயிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் முழுக்கப் போய்ச் சேர இந்த இரண்டு வாய் போதும்.

இதைக் கேட்டால் வயிறு குளிரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். குளிரவில்லை. கீழே பெரிய தங்கமீன் ஒன்று, இரை என்று நினைத்து மேலே வந்து வாயைத் திறந்தது. திறந்து மூடியது. சாய்த்த கேனை அவள் நிமிர்த்தவில்லை.

விலைச்சீட்டைக் கீழே போட்டுவிட்டு அக்கா எழுந்தாள்.

"அதான் சொல்லிட்டாரே… இன்னும் ஏண்டி கேனைச் சாய்ச்சுப் பிடிச்சிட்டு நிக்கிற?"