முந்தானையும் பாய்லரும்

டீ போடுவதெல்லாம் ஒரு வித்தையா என்று கேட்கிற ஆட்களிடம் கன்னிகா பேச்சே வைத்துக்கொள்ள மாட்டாள். அப்படிப்பட்டவர்கள் கிளாஸ் கழுவின தண்ணீரைக் கொடுத்தாலும் ஊதி ஊதிக் குடித்துவிட்டுப் போவார்கள், அவர்களிடம் போய் வாயைக் கெடுத்துக்கொள்வானேன் என்பது அவள் கட்சி. அதே தூள், அதே பால், அதே தண்ணீர்தான். போடுகிற கை மாறினால் டீயும் மாறிப்போகும். இது தெரியாதவன் பாய்லர் பக்கம் வரவே கூடாது என்பாள்.

என்ன சொல்லி என்ன, பாய்லர் பக்கம் வரக் கூடாது என்று தள்ளி வைக்கப்பட்டிருந்தவள் அவள்தான். திருப்பதியில் கங்கம்மா கோயிலுக்குப் போகிற தெருவில் ஜெயச்சந்திரனின் டீக்கடை. அங்கே கிளாஸ் கழுவுகிற வேலைதான் அவளுக்குக் கிடைத்தது.

நகரியில் அவள் சொந்தமாகக் கடை போட்டு நடத்தியவள். விசைத்தறிக் கொட்டகைகள் வரிசையாக நிற்கிற சந்தின் முனையில் கடை. திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற கம்பெனி பஸ்ஸில் புருஷன் பாலையாவுக்கு டிரைவர் வேலை கிடைத்தது. நல்ல வேலை, விட முடியாது. கடையைத் தங்கச்சி அகிலாவிடம் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பி வந்துவிட்டாள். அகிலா கடையை ஜோராகத்தான் நடத்துகிறாள், அதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கன்னிகாவின் கையில்தான் இருந்தது. டீ போட்டுப் பழகின கைக்குச் சோப்புத் தண்ணீர் எப்படிப் பிடிக்கும்?

கடையில் பாய்லர் மாஸ்டர் கிரண்குமார். சித்தூர்க்காரன், நல்ல பையன்தான், அவளை அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் அவன் போடுகிற டீயைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும். காலையில் ஒரு தரம் டிகாஷன் இறக்கினானென்றால் மத்தியானம் வரைக்கும் அதையே சூடு பண்ணிக்கொண்டிருப்பான். கையை உயரத் தூக்கி ஆற்றுவதில் மட்டும் ராஜா. நுரை கிளாஸுக்கு மேலே எழும்பி நிற்கும். நுரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

கன்னிகாவின் முறை வேறு. துணிப்பையில் தூளைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றி, தூள் நனைந்து உப்பட்டும் என்று காத்திருப்பாள். மீதித் தண்ணீர் அதற்கப்புறம்தான். கொஞ்சமாகத்தான் இறக்குவாள், தீர்ந்ததும் புதிதாக இறக்குவாள். வெல்லம் கேட்கிறவருக்கு வெல்லத்தைப் பாலோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் பால் திரிந்துவிடும். அதனால் பொடித்த வெல்லத்தைக் கிளாஸில் போட்டு, டிகாஷனில் கரைத்து, பாலைக் கடைசியில் விடுவாள்.

அந்த வருஷம் ஜெயச்சந்திரன் அலிபிரியில், மலைக்கு நடந்து போகிறவர்கள் கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்தில், இன்னொரு கடை திறக்க ஏற்பாடு செய்தார். பாய்லருக்கு ஆள் வேண்டும். கன்னிகா இரண்டு நாள் மனசுக்குள் பேசிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அலிபிரி பாய்லரைத் தனக்குக் கொடுங்கள் என்று கேட்டாள்.

ஜெயச்சந்திரன் கெட்டவர் இல்லை. ஆனால் ஒன்றைப் பிடித்தாரென்றால் உடும்புப்பிடி. அவர் சிரித்தேவிட்டார்.

"சேலை கட்டிக்கினு பாய்லர் கிட்ட நிக்கிறது ஆவுற கதையாம்மா? முந்தானை நெருப்புல வுழும், இல்லாட்டி பால்ல வுழும். யாரு பதில் சொல்றது?"

அதோடு விட்டாரா என்றால் இல்லை. கிரண்குமாரின் மச்சான் ஒருவன் சித்தூரில் இருக்கிறான், கங்கம்மா கோயில் ஜாத்திரை முடிந்த கையோடு அவனை வரச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன் என்றும் சொன்னார். கன்னிகா கிளாஸ் கழுவுகிற தொட்டிக்குத் திரும்பி வந்தாள். அன்றைக்குக் கழுவின கிளாஸ்கள் உடையாமல் தப்பியது கிளாஸ்களின் அதிர்ஷ்டம். ராத்திரி சாப்பிடும்போது பாலையா என்னவென்று கேட்டதற்கு, "நைனா வூட்டுலயே என்னை ஒருத்தரும் இப்டி சொன்னதில்ல" என்று மட்டும் சொன்னாள்.

மே மாசம், கங்கம்மா ஜாத்திரை வந்தது. அந்த ஒரு வாரம் திருப்பதி திருப்பதியாகவே இருக்காது. தினம் ஒரு வேஷம். உடம்பெல்லாம் வண்ணம் பூசிக்கொண்டு, வேப்பிலை கட்டிக்கொண்டு, தெரு கொள்ளாமல் ஜனம் நடக்கும். அதில் ஒரு நாள், வேண்டுதல் உள்ள ஆம்பிளைகள் சேலை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டுக்கொண்டு அம்மனைப் பார்க்கப் போவார்கள். நல்ல மீசைக்காரர்கள்கூட அன்றைக்குக் கொலுசு போட்டுக்கொண்டு நடப்பார்கள். யாரும் கேலி செய்ய மாட்டார்கள், அம்மன் காரியம்.

அந்த நாளில்தான் கிரண்குமார் கடைக்குள் வந்தான். மாம்பழக் கலர் பட்டுச்சேலை, தலை நிறைய கனகாம்பரம், மூக்கில் ஒட்டு மூக்குத்தி. போன வருஷம் அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது வேண்டிக்கொண்டானாம். சாயங்காலம் தெருக்காரர்களோடு சேர்ந்து கோயிலுக்குப் போக வேண்டும். கட்டின சேலையை அம்மன் முகத்தைப் பார்க்காமல் அவிழ்க்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வருஷத்திலேயே பெரிய வியாபார நாள், மொதலாளியைத் தவிக்க விடலாமா, அதுவரைக்கும் பாய்லரில் நிற்கிறேன் என்று வந்துவிட்டான்.

கன்னிகா தொட்டியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். பாய்லர் பக்கத்தில் சேலை. அப்புறம் ஜெயச்சந்திரனைப் பார்த்தாள். அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வந்த சிரிப்பை அடக்கத் தொட்டிக்குள்ளேயே தலையை விட வேண்டியதாயிற்று.

கூட்டம் சேர்ந்தது. கிரண்குமார் வழக்கம்போல் கையைத் தூக்கி ஆற்ற ஆரம்பித்தான். கை மேலே போக, தோளில் இருந்த முந்தானை கீழே போக, நடந்தது அதுதான். பட்டு முந்தானை சரக்கென்று சரிந்து, கொதிக்கிற பால் பாத்திரத்துக்குள் முழுசாக இறங்கிவிட்டது. பதறிப்போய் இழுத்தான். பால் சொட்டி அடுப்பு சீறியது, பர்னர் அணைந்தது. நல்ல வேளை, யார் மேலும் படவில்லை. ஒரு பாத்திரம் பால் மட்டும் மஞ்சள் சாயத்தோடு நின்றது.

ஜெயச்சந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார். வாசலில் நின்ற ஜனம் டீ எங்கே என்று கேட்டது. கிரண்குமார் சேலையை அவிழ்க்கவும் முடியாமல், அப்படியே நிற்கவும் முடியாமல், கண் கலங்க விழித்துக்கொண்டிருந்தான்.

கன்னிகா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. முதலில் அவன் முந்தானையைப் பிழிந்து, முன்னால் இழுத்து, இடுப்பைச் சுற்றி இறுக்கிச் சொருகினாள். அப்புறம் தன் முந்தானையையும் அப்படியே சொருகிக்கொண்டாள்.

"சேலை மேல ஒண்ணும் தப்பு இல்ல தம்பி. சொருவிக்கத் தெரியணும். நீ போயி கிளாஸ் கய்வு, நான் பாத்துக்கறேன்."

சொன்னது தம்பியிடம்தான். ஆனால் கேட்க வேண்டியவர் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். தடுக்க அவருக்கு வாயும் இல்லை, நேரமும் இல்லை.

பர்னரைப் பற்ற வைத்தாள், புதுப் பால் ஏறியது. பழைய டிகாஷனைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள். இத்தனை நாள் ஊற்ற வேண்டும் என்று கை துடித்த டிகாஷன் அது. துணிப்பையில் புதுத் தூள், ஒரு கரண்டித் தண்ணீர், கொஞ்சம் பொறுமை. தூள் உப்பி, அந்த வாசனை தெருவுக்குள் போனது.

அந்த நேரம் பார்த்துத் தப்பட்டை மேளம் கடை வாசலுக்கே வந்து நின்றது. ஒரு செட் இல்லை, நாலைந்து செட். நின்ற இடத்திலேயே அடிக்கிறார்கள், நகருகிற வழியாக இல்லை. கல்லாவிலிருந்து ஜெயச்சந்திரன் ஆர்டர் கத்துகிறார், வாய் அசைகிறதே தவிர ஒரு எழுத்து கேட்கவில்லை. ஸ்ட்ராங் கேட்டவனுக்கு எது, சக்கரை வேண்டாம் என்றவர் யார், ஒன்றும் புரியவில்லை. தெலுங்கில் கத்துகிறவர்களும் தமிழில் கத்துகிறவர்களும் மேளத்துக்கு முன்னால் ஒன்றாகிப் போனார்கள். அவர் கண்ணில் பயம் தெரிந்தது.

கன்னிகாவுக்கு மட்டும் இது புதுசே இல்லை. நகரிக் கொட்டகையில் தறிகள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் குரலே கேட்காது. அங்கே யாரும் வாயால் டீ கேட்டதில்லை. எல்லாம் கைதான். கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்தால் ஸ்ட்ராங். சுண்டுவிரலைக் காட்டினால் சக்கரை கம்மி. தொண்டையைத் தொட்டால் இஞ்சி. மூடின முஷ்டி வெல்லம். சந்து முனையில் நின்றபடியே ஒரு கொட்டகைக்கு முழுசாக டீ போட்டு அனுப்பியிருக்கிறாள், பிசகினதில்லை.

கூட்டத்துக்கு நடுவில் ஒரு கை உயர்ந்தது. மூடின முஷ்டி, அப்புறம் உள்ளங்கையில் கட்டைவிரல் தேய்ப்பு. முகமெல்லாம் மஞ்சளும் குங்குமமும், ஆள் யாரென்று பெற்ற தாய்க்கே தெரியாது. ஆனால் அந்தக் கையைக் கன்னிகாவுக்குத் தெரியும். நகரித் தறிக்காரன் சுரேஷ்பாபு, வெல்லம் போட்ட ஸ்ட்ராங் டீயைத் தவிர வேறெதையும் தொடாதவன். ஊரிலிருந்து ஒரு கூட்டமாக ஜாத்திரைக்கு வந்திருக்கிறார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. தனக்கென்று பையில் வைத்திருந்த வெல்லத்தை எடுத்துப் பொடித்து, டிகாஷனில் கரைத்து, பாலைக் கடைசியில் விட்டு நீட்டினாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினான்.

அவ்வளவுதான். நகரிக்காரர்களின் கைகள் வரிசையாக எழும்பின. பக்கத்தில் நின்ற திருப்பதிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இஞ்சி போட்ட அல்லம் டீ கேட்டுக் கத்திக் களைத்த ஒரு பெரியவர், பார்த்துப் பார்த்துத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். இஞ்சி தட்டி அவர் கைக்கு டீ போனது. அதைப் பார்த்து இன்னொருவர் சுண்டுவிரலைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் தெருவே கையால் பேச ஆரம்பித்துவிட்டது. புலிவேஷக்காரன் நகத்தோடு உள்ளங்கையைத் தேய்க்கிறான், கொலுசு போட்ட மீசைக்காரர் தொண்டையைத் தொடுகிறார். கன்னிகா பார்க்கிறாள், ஊற்றுகிறாள், ஆற்றுகிறாள், நீட்டுகிறாள். யாருக்கும் மாறவில்லை. கிரண்குமார் பட்டுச்சேலையோடு குந்தி கிளாஸ் கழுவிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். முந்தானை சொருகின இடத்திலேயே இருந்தது.

எத்தனை காலமாகக் கட்டிப்போட்டிருந்த கை அது! அன்றைக்குத் தெருவுக்கே ராணி மாதிரி நின்றாள், அதை அவளே உணர்ந்தாள், உணர்ந்ததற்காக வெட்கப்படவும் இல்லை.

மேளம் இன்னும் ஓயவில்லை. கன்னிகா தற்செயலாகக் கல்லாப் பக்கம் திரும்பினாள். ஜெயச்சந்திரன் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கையைத் தூக்கி, கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்து, சுண்டுவிரலைக் காட்டினார். ஸ்ட்ராங், சக்கரை கம்மி. இத்தனை மாசத்தில் அவளிடம் அவர் டீ கேட்டது அதுதான் முதல் தடவை.

போட்டாள், மனசு வைத்துப் போட்டாள். எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். அவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு, விரலால் அலிபிரிப் பக்கம் காட்டி, அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டாள். ஜெயச்சந்திரனுக்குப் புரிந்துவிட்டது. சரி என்று கையால் காட்டினார். அவள் அசையவில்லை. மேளம் நகர்ந்து கோயில் பக்கம் திரும்புகிற வரைக்கும் அப்படியே நின்றாள். டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

சத்தம் அடங்கியதும் சொன்னாள்: "கையால சொன்னது போதும்ணா. வாயால சொல்லுங்க."

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கழுவுகிற தொட்டியிலிருந்து கிரண்குமாரும் நிமிர்ந்தான். ஜெயச்சந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அலிபிரி பாய்லர் உனக்குத்தாம்மா."

"சேலையோடதான் நிப்பேன்."

"நில்லும்மா."

அப்புறம்தான் கிளாஸைக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். மிச்சத்தையும் குடித்து முடித்துவிட்டு, காலிக் கிளாஸை நீட்டி, மறுபடியும் கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்தார்.