மூன்று பேர் குடித்தனம்

மாடிப்படியில் பாதி ஏறியிருந்தபோது எனக்கு இன்னொரு அம்மா முளைத்தாள்.

என் இரண்டு கையிலும் தையல் மெஷினின் மர மூடி இருந்தது. கீழ்வீட்டு வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா என்னைக் காட்டி, “இது யாரு?” என்று கேட்டார். மேல்படியில் நின்ற என் அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“என் அக்கா பொண்ணும்மா. சாமான் எடுத்து வெக்க வந்திருக்கா.”

அம்மாவுக்கு அக்காவே கிடையாது. கூடப் பிறந்தவர்கள் இரண்டு தம்பிகள்தான்.

வண்டி போன பிறகு, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அம்மா குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். அப்பாவின் அண்ணன்கள் பங்கு கேட்டதால் எங்கள் வீட்டை விற்றாயிற்று. காலி செய்யக் கொடுத்த நாள் நெருங்க நெருங்க, பதினோரு வீடு பார்த்தும் ஒன்றும் அமையவில்லை. இது பன்னிரண்டாவது. இந்த மாடிக்கு மூன்று பேருக்கு மேல் விடுவதில்லை என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொன்னாராம். போன குடித்தனக்காரர்கள் ஓர் ஆளை மறைத்து வைத்திருந்தார்கள். தெரிந்த அன்றே அவர்களுடைய பாத்திரம் பண்டமெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது என்பதையும் சொன்னாராம். நீங்கள் எத்தனை பேர் என்று அவர் கேட்க, அம்மாவின் வாயில் மூன்று என்று வந்துவிட்டது. நான் அப்போது வேலையில் இருந்தேன். எதிரில் இல்லாத ஆள்தானே கணக்கில் விட்டுப்போகும்.

“தங்கச்சி பரீட்சை முடியட்டும். ரெண்டே மாசம். அப்புறம் வேற வீடு பாத்துக்கலாம். அதுவரைக்கும் என்னைச் சித்தின்னு கூப்பிடு.”

என் தங்கையை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவள் பாடப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “எனக்கு ஒரு வேலையும் இல்லப்பா. பெரியம்மா பொண்ணும் அக்காதானே” என்றாள். சித்தப்பா ஆகிவிட்ட அப்பா முக்காலி மேல் ஏறி பல்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மாட்டி எரிந்துகொண்டிருந்த பல்பைத்தான் கழற்றி மறுபடி மாட்டினார்.

அந்த மாடியில் இரண்டு அறைகள், ஒரு சமையலறை. பீரோவைத் திறந்தால் அறைக்கதவை மூட முடியாது. சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் வீட்டுக்காரம்மாவின் பிரம்பு நாற்காலி. அவருக்குப் பாம்புக் காது. ஆகவே வீட்டுக்குள்ளேயும் சித்திதான். அவரை எல்லோரும் ‘அம்மா’ என்று கூப்பிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் நான் வாய்விட்டு அம்மா என்று கூப்பிட்டது அவர் ஒருவரைத்தான்.

வேலைக்குப் பக்கம் என்பதால் வாரநாளில் மட்டும் விருந்தாளியாக வந்து தங்குவாள் என்று அம்மா வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாள். என் துணிகள் பையை விட்டு வெளியே வரவில்லை. விருந்தாளிக்கு அலமாரி ஏது? மொட்டை மாடிக் கொடியில் மூன்று பேர் துணிகள் காய்ந்தன. என்னுடையவை குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஈரம் போகாமல் தொங்கின. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பையைத் தூக்கிக்கொண்டு ‘ஊருக்கு’க் கிளம்புவேன். என்னோடு வேலை பார்க்கும் ஓர் அக்காவின் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள் படுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்புவேன். “வந்துட்டியா? அம்மா எப்படி இருக்காங்க?” என்று பிரம்பு நாற்காலி கேட்கும். நல்லா இருக்காங்கம்மா என்பேன்.

வீட்டுக்காரம்மா அதோடு விடுபவர் அல்ல. உங்கள் வீடு எப்படி இருக்கும், எத்தனை அறை என்று துருவுவார். நானோ பொய்யில் கைதேர்ந்தவள் இல்லை. அதனால் விற்ற வீட்டையே சொன்னேன். முன்னறை ஜன்னலில் ஒரு கம்பி மட்டும் வளைந்திருப்பதைச் சொன்னேன். தங்கை தலையை விட்டு மாட்டிக்கொண்டபோது அப்பா வளைத்தது அது. கொல்லைக் கதவு மழைக்காலத்தில் மட்டும் பேசும் என்றேன். எல்லாமே உண்மை. கதவைத் திறக்கும் பெண் ஒருத்திதான் பொய். சொல்லச் சொல்ல அவளுக்கும் ஒரு முகம் வந்துவிட்டது. அம்மாவை விடக் கொஞ்சம் உயரம். மத்தியானம் தூங்குவாள். வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் அவள் விரல் விட்டு எண்ணித்தான் சொல்வாள்.

“இவ்வளவு நல்ல வீட்டை விட்டுட்டு இங்க வந்து எதுக்குடி இடிபடுற?” என்றார் வீட்டுக்காரம்மா.

மூன்றாவது வாரம், அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், உப்பு எங்கே என்று கேட்பதற்கு, “சித்தி” என்று கூப்பிட்டேன். “கீழ்த்தட்டுல பாரு” என்று அம்மா பதில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலையைப் பார்த்தோம்.

எனக்கு வேலை பல்செட்டு செய்யும் இடத்தில். முன்பின் தெரியாதவர்களின் ஈறுகளெல்லாம் மாவு அச்சாக என் மேஜையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றின் மேல் ரோஸ் நிற மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நடுவேன். வீட்டுக்காரம்மாவின் கீழ்வரிசை செட்டு ஈறில் உரசிப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. கஞ்சியாகக் குடித்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அதைக் காகிதத்தில் சுற்றி வாங்கிப் போய், உரசிய ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் அவர் முதல்முறையாக மாடி ஏறி வந்தார். நாங்கள் நான்கு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“உங்க அக்கா பொண்ணால இந்த வாரந்தான் நான் சோறுன்னு தின்னேன். இவ எதுக்கு வாராவாரம் பையைத் தூக்கிட்டு அலையணும்? இங்கயே இருக்கட்டும். நாலு பேருன்னு மாத்தி எழுதிக்கலாம்.”

அப்பா சிரித்தார். வீடு விற்ற பிறகு அவர் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன். அதற்குள் என் மனம் பீரோவின் கீழ்த்தட்டில் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டது.

“ஒண்ணே ஒண்ணு,” என்றார் வீட்டுக்காரம்மா. “வயசுப் பொண்ணு. நாளைக்கு ஒண்ணுன்னா பெத்தவ என்னைக் கேக்கக் கூடாது. இவ அம்மா ஒரு தடவை வந்து, எனக்குச் சம்மதம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டும்.”

பெற்றவள் கையில் கரண்டியோடு அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தைதான். அது அவள் தொண்டை வரைக்கும் வந்ததைப் பார்த்தேன். பிறகு அவள் கண் அடுப்படிப் பக்கம் போனது. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களில் நின்றது.

“அவளால வர முடியாதும்மா. படுத்த படுக்கையா இருக்கா.”

வீட்டுக்காரம்மாவின் முகம் மாறியது. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் என்று அம்மா முனகினாள்.

“பக்கத்து வீட்டுலயா?” அவர் என் பக்கம் திரும்பினார். “ஏண்டி, பெத்தவ படுத்துக் கெடக்கறா, நீ இங்க உக்காந்து தின்னுட்டிருக்கியா? வாராவாரம் கேக்கறேன், நல்லா இருக்காங்கன்னு வாய் கூசாம சொல்றியே.”

சோறு விரலில் காய்ந்தது. வாலு வாயைத் திறந்தாள். அப்பா அவள் முழங்காலை அழுத்தினார்.

“இன்னிக்கே கிளம்பு. வேலை எங்கயும் ஓடிப்போயிடாது. ஏம்மா, உங்களுக்கும்தான் சொல்றேன். கூடப் பொறந்தவ அப்படிக் கெடக்கறப்போ அவ பொண்ணை இங்க வெச்சுக்கலாமா?”

“தப்புதாம்மா,” என்றாள் அம்மா.

மூட்டை கட்டும் வேலை எனக்கு இருக்கவில்லை. பை கட்டியபடியேதான் இருந்தது. பல் விளக்கும் பிரஷ்ஷையும் குளியலறை ஈரத் துணிகளையும் எடுத்து மேலே திணித்தேன். நான் கீழே இறங்கியபோது வீட்டுக்காரம்மா வாசலிலேயே காத்திருந்தார். ஒரு பழைய வெந்நீர்ப் பையை என் கையில் கொடுத்து, படுத்தே இருப்பவர்களுக்கு முதுகுக்கு ஒத்தடம் வைத்தால் இதமாக இருக்கும், திருப்பித் தர வேண்டாம் என்றார். கோபம் அதற்குள் தணிந்திருந்தது. ஆனால் நான் தெருவில் இறங்கும் வரை உள்ளே போவதாக இல்லை.

அம்மா பையைச் சுமந்துகொண்டு கேட் வரை வந்தாள். நான் பையின் ஒரு காதைப் பிடித்தேன். இன்னொரு காது அவள் கையிலேயே இருந்தது.

“அம்மாவை நல்லாப் பாத்துக்கோ,” என்றாள், வாசலுக்குக் கேட்கும்படி.

“சரி சித்தி.”

அவள் பிடியை விடவில்லை. நான்தான் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.